பழைய டெலிபோன் கம்பியில் டிஜிட்டல் இன்டர்காம்: அல்சூர் வீட்டு அனுபவம்

பெங்களூர் அல்சூரில் அத்தை வீடு மூன்றாவது மாடி, மாமாவின் தையல் கடை அதே கட்டடத்தின் தரைத்தளம், லிஃப்ட் கிடையாது. அத்தைக்கு முழங்கால் வலி. சிலிண்டர் வந்தது, யாரோ அளவு ரவிக்கை கேட்கிறார்கள் என்று எதற்கெடுத்தாலும் செல்போனில்தான் பேச வேண்டும், ஆனால் மெஷினில் இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்கும்போது மாமாவால் போனை எடுக்க முடிவதில்லை. ஒரு கால் மெஷின் பெடலில் இருக்கும், இன்னொரு காலால் மிதித்துப் பேசுகிற மாதிரி ஏதாவது செய்து கொடு என்றார். சுவருக்குள் பழைய லேண்ட்லைன் கம்பிகள் சும்மா கிடந்தன. வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று இரண்டு இணைப்பு இருந்த காலத்தவை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடி, ஆக நான்கு ஜோடி செம்புக் கம்பி. குழாய் வளைந்து வளைந்து போவதால் நீளம் சுமார் 40 மீட்டர்.

இதே மாதிரி செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கம்பி என்று நம்பிக் கை வைக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சோடு இன்னும் சேர்ந்திருந்தால் அதில் 48 வோல்ட் டிசி நிற்கும், மணி அடிக்கும்போது அதைவிடப் பெரிய ஏசி வரும். மல்டிமீட்டரில் பார்த்து, இரண்டு முனையிலும் கழற்றிவிட்டதை உறுதி செய்த பிறகுதான் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் அனலாகாகவே, அதாவது குரல் அலையை அப்படியே மின் அலையாக அனுப்பி, முயன்றேன். இந்தப் பக்கம் மைக், ஆம்ப்ளிஃபையர், நடுவில் கம்பி, அந்தப் பக்கம் எல்எம்386 என்ற ஆம்ப்ளிஃபையர் சிப் போட்ட ஸ்பீக்கர். குரல் போனது. ஆனால் அதே குழாயில் கரண்ட் கம்பியும் ஓடுகிறது, அதனால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எப்போதும் அடியில் இருந்தது. மாமா மெஷினை ஓட்டினாலோ பேசுவது காதில் விழவே இல்லை. தையல் மெஷின் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்கிறது, அது சுற்றும்போது தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் கம்பியில் ஒரு துடிப்பாக ஏறுகிறது. ஷீல்டு கேபிள் இழுக்கச் சொன்னார்கள் சிலர். சுவரை உடைக்க அத்தை விடமாட்டார், எனக்கும் மனமில்லை.

அனலாகில் அடிப்படைச் சிக்கல் என்னவென்றால், கம்பியில் வந்து சேரும் வோல்டேஜில் எது குரல், எது இரைச்சல் என்று பிரித்துச் சொல்லப் பெறும் முனையிடம் வழியில்லை. பெருக்கினால் இரண்டும் சேர்ந்து பெருகும். டெலிபோன் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-ல் பாரிஸில் இருந்தபோது இதையேதான் யோசித்தார். நீண்ட தூர லைன்களில் ஒவ்வொரு பெருக்கியிலும் இரைச்சல் சேர்ந்துகொண்டே போவதைப் பார்த்து, குரலை எண்ணாக மாற்றித் துடிப்புகளாக அனுப்பினால் இடையில் அந்தத் துடிப்புகளைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம் என்று கண்டார். அதுதான் பிசிஎம் (பல்ஸ் கோட் மாடுலேஷன்). பெறும் முனைக்கு இருக்கும் வேலை ஒன்றா, சுழியா என்ற தீர்ப்பு மட்டும்தான். ஒரு ஜோடிக் கம்பியில் துடிப்புகளை அனுப்ப நான் எடுத்துக்கொண்ட ஆர்எஸ்-485 வகைச் சிப்பில் அனுப்பும் பக்கம் இரண்டு கம்பிக்கும் நடுவே குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் கொடுக்கிறது, பெறும் பக்கத்துக்கு 0.2 வோல்ட் இருந்தாலே போதும். இடைப்பட்ட அவ்வளவு இடத்திலும் மாமாவின் மோட்டார் என்ன ஆட்டம் ஆடினாலும் பரவாயில்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ராஸ்பெரி பை பிகோ (நிரல் ஏற்றக்கூடிய சின்னப் போர்டு) இரண்டு, மேக்ஸ்9814 மைக் போர்டு இரண்டு, 3.3 வோல்ட்டில் ஓடும் ஆர்எஸ்-485 சிப்பான மேக்ஸ்3485 நான்கு, ஃபில்டர் கட்ட எம்சிபி6002 ஆப்-ஆம்ப், பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபையர் வாங்கி வந்தேன். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் வீட்டிலேயே கிடந்தன.

சரி, குரலை எண்ணாக மாற்றும் இடத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் முழு வேலையில் பாதி இங்கேதான்.

டெலிபோன் உலகம் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வைத்து, நொடிக்கு 8000 சாம்பிள் எடுக்கிறது, அதாவது அலையின் அளவை 8000 முறை குறித்துக்கொள்கிறது. உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் எடுக்க வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதி எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அதை மீறினால் என்ன ஆகும் என்பதைக் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் வேண்டுமென்றே ஃபில்டர் இல்லாமல் 8 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் எடுத்து, போனில் ஒரு டோன் ஆப்பை மைக் அருகே வைத்து அதிர்வெண்ணை மெதுவாக ஏற்றினேன். 1, 2, 3 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்பீக்கரிலும் ஏறியது. 4-ஐத் தாண்டியதும் ஸ்பீக்கரில் ஒலி கீழே இறங்க ஆரம்பித்தது! போனில் 5 வைத்தால் 3 கேட்கிறது, 7 வைத்தால் 1 கேட்கிறது. பேச்சில் இது எங்கே தெரியும் என்றால் ‘ஸ’, ‘ஷ’ ஓசைகளில். குறிப்பாக ‘ஸ’வின் வலு பெரும்பகுதி 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது, அதெல்லாம் மடங்கிக் கீழே விழுந்து கரகரவென்று ஒரு உரசலாக மாறுகிறது. “பஸ் வந்துச்சு” என்று அத்தை சொன்னால் ‘பஸ்’ஸில் சொறசொறவென்று கேட்டது. ஒருமுறை மடங்கிவிட்டால் பிறகு எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் மடங்கி வந்த 3 கிலோஹெர்ட்ஸும் உண்மையான 3 கிலோஹெர்ட்ஸும் எண்ணில் ஒன்றேதான்.

ஆகவே வோல்டேஜை எண்ணாக்கும் ஏடிசிக்கு முன்னால், உயர் அதிர்வெண்ணை வெட்டும் ஒரு ஃபில்டர் கட்டாயம். எம்சிபி6002-ல் சாலன்-கீ என்ற ஃபில்டர் அமைப்பில் 10 கிலோஓம் இரண்டு, 6.8 நானோஃபாரட் ஒன்று, 3.3 நானோஃபாரட் ஒன்று போட்டால் வெட்டு அதிர்வெண் சுமார் 3360 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் கணக்குப் போட்டால், இந்த இரண்டாம் படி ஃபில்டர் 5 கிலோஹெர்ட்ஸில் 8 டெசிபெல்கூடக் குறைப்பதில்லை, அதாவது அது இருந்தும் உரசல் கேட்கும். இன்னும் இரண்டு படி சேர்த்துக் கட்டலாம், பாகங்களின் பிழையும் சேர்ந்து கூடும். அதைவிட எனக்குப் பிடித்த வழி, நொடிக்கு 64,000 சாம்பிள் எடுத்து, மிச்ச வடிகட்டலை நிரலுக்குள்ளேயே எஃப்ஐஆர் என்ற கணக்கு ஃபில்டரால் செய்து, எட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. இப்போது குரல் பகுதிக்குள் மடங்கி விழக்கூடியது 60 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது மட்டுமே, அங்கே அந்தச் சின்ன ஃபில்டரே 50 டெசிபெல் குறைத்துவிடுகிறது. எட்டு மடங்கு அதிகமாக எடுத்துச் சராசரியாக்குவதால் இரைச்சலும் 9 டெசிபெல் வரை இறங்கும், கிட்டத்தட்ட ஒன்றரை பிட் லாபம். பிகோவின் ஏடிசி நொடிக்கு 5 லட்சம் சாம்பிள் வரை போகும் என்பதால் 64,000 அதற்குப் பெரிய வேலையே இல்லை.

பிகோ பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இதன் ஏடிசி 12 பிட் (0 முதல் 4095 வரை எண் தரும்) என்றாலும் 512, 1536, 2560, 3584 ஆகிய நான்கு எண்களின் அருகே படிகள் சீராக இல்லை, இது தயாரிப்பாளரே பிழைப் பட்டியலில் சொல்லியிருப்பதுதான். மேக்ஸ்9814-ன் வெளியீடு அமைதியில் 1.25 வோல்ட்டில் நிற்கும். 3.3 வோல்ட் அளவில் அது சுமார் 1551, கிட்டத்தட்ட 1536-ன் மேலேயே! அதாவது யாரும் பேசாத நேரத்தில் சிக்னல் மிக மோசமான படியில் உட்கார்ந்திருக்கிறது, மெல்லிய ஒலி எல்லாம் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறது. மைக்குக்கும் ஆப்-ஆம்புக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் போட்டு, ஆப்-ஆம்பை 1.65 வோல்ட்டில் நிறுத்தியதும் அமைதி 2048-க்கு நகர்ந்தது, அடியில் இருந்த மணல் மாதிரியான ஒலி போயே போய்விட்டது. அப்புறம், பிகோவில் ஜிபிஐஓ 23 என்ற பின்னை நிரலில் உயர் நிலையில் வைத்தால் போர்டின் பவர் சப்ளை அமைதியாகிறது, அதையும் செய்துவிடுங்கள்.

அடுத்து பிட். நொடிக்கு 8000 சாம்பிள், ஒவ்வொன்றுக்கும் 8 பிட் என்றால் 64 கிலோபிட். 8 பிட்டைச் சம அளவுப் படிகளாகப் பிரித்தால், முழு வலுவில் இருக்கும் ஒலிக்கு இரைச்சலைவிட 50 டெசிபெல் கிடைக்கும், நல்லதுதான். ஆனால் அத்தை சமையலறையில் இருந்தபடி மெதுவாகப் பேசினால் குரல் 40 டெசிபெல் கீழே இருக்கும், அதற்கு மிஞ்சுவது 10 டெசிபெல்தான். கேட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு சொல்லோடும் ஒரு இரைச்சல் ஒட்டிக்கொண்டு வருகிறது. இதற்காகத்தான் ஏ-லா என்ற முறை. சின்ன ஒலிக்குச் சின்னப் படி, பெரிய ஒலிக்குப் பெரிய படி என்று வைத்து, அதே 8 பிட்டில் மெல்லிய ஒலிக்கு 12 பிட் அளவு நுணுக்கம் தருகிறது. அமெரிக்காவும் ஜப்பானும் இதே மாதிரியான மியூ-லா, இந்தியாவும் ஐரோப்பாவும் ஏ-லா. நிரலில் சில வரிதான், ஆனால் இந்த முழு வேலையில் காதுக்குத் தெரிந்த மிகப் பெரிய முன்னேற்றம் இதனால்தான் வந்தது.

சும்மா பார்ப்போமே என்று பிட்டைக் குறைத்துக்கொண்டே போனேன். 4 பிட்டில் கரகரப்பு, 2 பிட்டில் அருவருப்பான ஒலி. 1 பிட்டில், அதாவது அலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற ஒரே தகவலில்கூட, அத்தை என்ன சொல்கிறார் என்பது புரிந்தது. ஆராய்ச்சியாளர்கள் லிக்லைடரும் போலக்கும் 1948-லேயே ஆராய்ந்து சொன்ன விஷயம் இது, ஆனாலும் நம் வீட்டுக் குரலில் கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது.

கம்பி வழியே அனுப்புவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 40 சாம்பிள், அதாவது 5 மில்லிநொடிக் குரல், ஒரு ஃப்ரேம். முன்னால் அடையாளத்துக்கு 2 பைட், வரிசை எண்ணுக்கு 1, கடைசியில் பிழையைக் கண்டுபிடிக்கும் சிஆர்சிக்கு 1, மொத்தம் 44 பைட். நொடிக்கு 200 ஃப்ரேம். பிகோவின் சீரியல் போர்ட்டான யூஆர்ட்டில் பைட்டுக்கு 10 பிட் ஆகும் என்பதால் 88,000, ஆகவே 115200 வேகத்தில் தாராளமாக அடங்குகிறது. மேலே போக ஒரு ஜோடி, கீழே வர ஒரு ஜோடி, பெறும் முனையில் 120 ஓம் ரெசிஸ்டர், மூன்றாவது ஜோடியை 100 ஓம் வழியாக இரு பக்க கிரவுண்டுக்கும் கொடுத்தேன். மாமா பெடலை மிதித்தால்தான் மைக் திறக்கும், மிதிக்காதபோது அமைதியை அனுப்பிக்கொண்டே இருக்கும், லைன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சிஆர்சி தப்பினால் முந்தைய ஃப்ரேமைக் கொஞ்சம் சத்தம் குறைத்துத் திரும்ப ஒலிக்கிறது. தையல் மெஷினை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி சிஆர்சி பிழை எண்ணிக்கையைப் பார்த்தேன்: சுழி. அனலாகில் பேச்சையே மூழ்கடித்த அதே மோட்டார், அதே கம்பி.

ஆனால் ஒரு ‘டிக்’ இருந்தது. சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சின்னச் சொடுக்கு. சம்ப் மோட்டார் என்று பார்த்தால் அது ஓடாதபோதும் வருகிறது. சிஆர்சி பிழை இல்லை, வரிசை எண்ணும் விடாமல் வருகிறது, அப்படியானால் கம்பியில் எதுவும் தொலையவில்லை.

இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், தூரவாணி நகர் ஐடிஐயில் (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) எக்ஸ்சேஞ்ச் கருவிகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படியில் பார்த்தபோது சொன்னேன். “டிக் வர்ற இடைவெளியைக் குறிச்சுப் பாத்தியாப்பா? ஒரே மாதிரி வருதா?” என்றார். “ஆமா சார், ஏறக்குறைய ஒரே மாதிரிதான்” என்றேன். “அப்ப அது நாய்ஸ் இல்ல, சிலிப். மேல ஒரு கிளாக், கீழ ஒரு கிளாக் வச்சிருக்க இல்ல? ரெண்டும் ஒண்ணா ஓடாது.”

அதேதான். பிகோவில் கிளாக்கை ஓட்டும் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 30 பங்கு வரை முன்னே பின்னே இருக்கலாம். இரண்டு போர்டுக்கும் நடுவே 20 பங்கு வித்தியாசம் என்று வைத்தால், ஒருவர் நொடிக்கு 8000 அனுப்பும்போது மற்றவர் அதைவிட 0.16 சாம்பிள் குறைவாகவோ கூடுதலாகவோ ஒலிக்கிறார். 250 நொடியில் 40 சாம்பிள், சரியாக ஒரு ஃப்ரேம். சம்ப்பில் தண்ணீர் வந்து விழும் வேகமும் மோட்டார் இறைக்கும் வேகமும் இம்மி வித்தியாசப்பட்டாலும் என்றாவது ஒரு நாள் அது வழியும் அல்லது வற்றும் இல்லையா, வந்த சாம்பிள்கள் ஒலிக்கக் காத்திருக்கும் பஃபருக்கும் அதேதான். உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருந்தது: கீழே போகும் பஃபர் வழிகிறது என்றால், மேலே வரும் பஃபர் வற்ற வேண்டும், ஏனென்றால் வேகமான கிளாக் ஒரு பக்கம்தான் இருக்க முடியும். எண்ணிப் பார்த்தால் அப்படியே இருந்தது. கடையில் ஃப்ரேம்கள் தள்ளுபடி ஆகின்றன, வீட்டில் ஃப்ரேம் பற்றாமல் போகிறது.

எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே 2.048 மெகாபிட் லைன்கள் ஓடும், 32 இடம், அதில் 30 குரலுக்கு. அங்கேயும் இதே பிரச்சினைதான் என்று பெரியவர் ரொம்ப நேரம் விளக்கினார். அதனால்தான் நாடு முழுக்க ஒரே மூலக் கிளாக்கைப் பின்பற்ற வைக்கிறார்கள், நாட்டுக்கு நாடு இருக்கும் மூலக் கிளாக்குகள் அவ்வளவு துல்லியமானவை என்பதால் 72 நாளுக்கு ஒரு சிலிப்தான் வரும் கணக்கு. ஏ-லாவில் ஒன்று விட்டு ஒன்று பிட்டைப் புரட்டிப் போடுவதும் கிளாக்குக்காகத்தான் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது: யாரும் பேசாதபோது வெறும் சுழிகளாக ஓடினால் எதிர்முனை கிளாக்கைப் பிடிக்க லைனில் மாற்றமே இருக்காது, புரட்டினால் அமைதியே 11010101 என்று ஆடிக்கொண்டு போகிறது. இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படித்திருந்தும், இப்படி ஒருவர் படியில் நின்று சொல்லிக் கேட்டது தனி.

என் தீர்வு, ஒலிக்கும் பக்கம் தன் கிளாக்கை நம்பாமல் பஃபரைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது. வெளியீட்டுக்குப் பிகோவின் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தால் வோல்டேஜின் அளவைத் தரும் முறை): 125 மெகாஹெர்ட்ஸை 1024-ஆல் வகுத்தால் 10 பிட், சுமார் 122 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு பிடபிள்யூஎம் சுற்றிலும் 32 பிட் கூட்டி (அக்யுமுலேட்டர்) ஒன்றை ஒரு படி முன்னேற்றி, இரண்டு சாம்பிளுக்கு நடுவே எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கண்டு நேர்கோட்டில் இடைமதிப்பு எடுக்கிறேன். பஃபர் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் அந்தப் படியை இம்மி கூட்டுகிறேன், குறைந்தால் இம்மி குறைக்கிறேன். பஃபர் நிலையை அப்படியே பயன்படுத்தினால் ஃப்ரேம் வரும்போதெல்லாம் துள்ளுகிறது, சுருதி நடுங்கும், ஆகவே பல நொடிக்குச் சராசரி எடுத்துத்தான் திருத்த வேண்டும். இதை ஏற்றியதும் டிக் நின்றது. இரவு முழுக்க ஒரு டோனை ஓட்டி எண்ணிக்கையைப் பார்த்தேன், வழிந்ததும் இல்லை, வற்றியதும் இல்லை.

இதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. சாம்பிளைப் படிக்கட்டு மாதிரி அப்படியே பிடித்து வைத்தால், 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 7-லும் 9-லும் பிம்பம், அதாவது அசலில் இல்லாத போலி ஒலி, தோன்றும், 7-ல் இருப்பது அசலைவிட 17 டெசிபெல்தான் கீழே. நேர்கோட்டு இடைமதிப்பில் அது 34 டெசிபெல் கீழே போய்விடுகிறது, மிச்சத்தை வெளியே இருக்கும் ஆர்சி ஃபில்டரும் சின்ன ஸ்பீக்கரும் பார்த்துக்கொள்கின்றன. விலை என்னவென்றால் 3.4 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒலி 5.5 டெசிபெல் மங்குகிறது. அனுப்பும் பக்க எஃப்ஐஆரிலேயே மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன், ‘ச’வும் ‘ட’வும் தெளிவாகின.

கம்பியில் என்ன நடக்கும் என்றுதான் ஆரம்பத்தில் பயந்தேன். கம்பி எந்தத் தொந்தரவும் தரவில்லை. குரலின் தரம் முழுக்க மைக்குக்கும் ஏடிசிக்கும் நடுவே இருக்கும் அந்த நாலு பாகத்திலும், எதிர்முனையின் கிளாக்கிலும்தான் தீர்மானமாகிறது. அங்கே நேரம் செலவழியுங்கள், கேபிளுக்குக் காசு கொட்ட வேண்டாம்.

இப்போது பாக்கி இருப்பது பவர். கரண்ட் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கடையில் இல்லை. நான்காவது ஜோடி சும்மா இருக்கிறது, அதில் மேலிருந்து கீழே பவர் அனுப்பலாம். கம்பி 0.5 மில்லிமீட்டர், போக வர 80 மீட்டருக்கு 7 ஓம் வருகிறது. 5 வோல்ட்டாக அனுப்பினால் 300 மில்லிஆம்பியரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், பிகோ நிற்கலாம், ஆம்ப்ளிஃபையர் கரகரக்கும். 12 வோல்ட்டில் அனுப்பிக் கீழே வோல்டேஜைக் குறைக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்தால் இழப்பு 1 வோல்ட் சொச்சம்தான். அடுத்து எஸ்.பி. ரோடு போகும்போது அதை வாங்கி வர வேண்டும், பெடலுக்கு இன்னும் உறுதியான ஒரு மிதி சுவிட்சும்.